திருமணமாகாத ஆண்டுகள் யாருக்கு வாய்க்கின்றன?

2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு, 25 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் முதல் திருமண வயதைச் சமூகப் பிரிவு வாரியாகத் தருகிறது. பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 19.5. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 18.5. பழங்குடிப் பெண்களுக்கு 18.4. பட்டியல் சாதிப் பெண்களுக்கு 18.1. இவை இடைநிலை வயதுகள். அதாவது, நூறு பட்டியல் சாதிப் பெண்களை மணமான வயதின்படி வரிசையாக நிறுத்தினால், சரிபாதியில் நிற்கும் பெண்ணுக்கு 18 வயது நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். அவருக்கு முன்னால் நிற்கும் ஏறத்தாழ ஐம்பது பேர் அதற்கும் முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள்.

முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே பதினேழு மாதங்கள். சிறிய இடைவெளியாகத் தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஒரு பெண்ணுக்குப் பதினேழு மாதங்கள் என்பது கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டுக்குள் காலெடுத்து வைக்கும் காலம். அந்தக் காலம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்விக்குச் சாதியின் வரலாற்றைத் தொடாமல் விடை சொல்ல இயலாது.

எண்களை எப்படிப் படிப்பது

திருமணமாகாதோர் எண்ணிக்கை கூடுகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் ஏதேனுமொரு நாளிதழில் வருகிறது. உடன் வெளியாகும் படத்தில் பெரும்பாலும் ஒரு பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பும், காப்பிக் கோப்பையுடன் ஓர் இளம்பெண்ணும் இருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தனித்து வாழும் பெண்கள் 7.14 கோடி, 2001இல் இது 5.12 கோடி. இந்த எண்ணும் அத்தகைய படத்துடன்தான் பரவியது. ஆனால் அந்த 7.14 கோடியில் பாதிக்கும் மேற்பட்டோர் கைம்பெண்கள். மணமுறிவு பெற்றோரும் கணவரால் கைவிடப்பட்டோரும் அதில் அடக்கம். காப்பிக் கோப்பைப் பெண்ணைவிட நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியுடன் போகும் பெண்ணே அந்த எண்ணுக்கு நெருக்கமானவர்.

‘திருமணமாகாதோர்’ என்ற எண்ணிக்கை மூன்று வழிகளில் உயரலாம். ஒரு காலத்தில் நிறையக் குழந்தைகள் பிறந்திருந்தால், இருபது ஆண்டுகள் கழித்து இளைஞர்கள் மிகுந்து, அதனாலேயே மணமாகாதோரும் மிகுவர். திருமணம் தள்ளிப்போனாலும் எண்ணிக்கை உயரும். திருமணமே வேண்டாம் என்போர் பெருகினாலும் உயரும். மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள், விளைவுகளும் வெவ்வேறானவை.

இவற்றைப் பிரித்தறிய மக்கள்தொகையியலாளர் ஜான் ஹஜ்னல் 1953இல் ஓர் எளிய வழியை வகுத்தார். திருமணப் பதிவேடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் மணமாகாதோர் எத்தனை விழுக்காடு என்று தெரிந்தால் போதும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 15-19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 90 பேரும், 20-24 வயதினரில் 40 பேரும், 25-29 வயதினரில் 10 பேரும் மணமாகாதவர்கள். முப்பதைத் தாண்டினால் எவரும் இல்லை. முதல் ஐந்தாண்டில் ஒரு பெண் சராசரியாக நாலரை ஆண்டும், அடுத்த ஐந்தில் இரண்டு ஆண்டும், அதற்கடுத்த ஐந்தில் அரை ஆண்டும் மணமாகாமல் கழிக்கிறார். பதினைந்துடன் இந்த ஏழையும் கூட்டினால் 22. அதுவே அவ்வூரின் சராசரித் திருமண வயது. நமது மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலிருந்து நூறாண்டுத் திருமண வயதைக் கணக்கிட முடிவது இம்முறையால்தான்.

அப்படிக் கணக்கிட்டால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெண்ணின் சராசரித் திருமண வயது ஏறத்தாழ 13. ஆணுக்கு ஏறத்தாழ 20. 1961இல் பெண்ணுக்கு 16ஐ ஒட்டி வந்தது. 1981இல் 18ஐத் தொட்டது. பதினெட்டு வயதுக்கு முன் மணமான 20-24 வயதுப் பெண்கள் 2005-06இல் 47 விழுக்காடு, 2015-16இல் 27, 2019-21இல் 23. தமிழ்நாட்டில் இந்த விகிதம் 12.8ஆகக் குறைந்துவிட்டது. மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் இன்னும் நாற்பதுக்கு மேல் நிற்கிறது.

ஆனால் நாற்பத்தைந்து வயதைக் கடந்த இந்தியப் பெண்களில் மணமாகாதவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான். ஜப்பானில் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐம்பது வயதுவரை மணமே செய்யாத ஆண்கள் 28 விழுக்காடு, பெண்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு. அங்கே நடந்தது விலகல். இங்கே நடந்திருப்பது தள்ளிப்போதல். இந்தியாவில் திருமணம் என்ற நிறுவனத்திலிருந்து எவரும் பெருந்திரளாக வெளியேறிவிடவில்லை. வாசலில் நிற்கும் நேரம் நீண்டிருக்கிறது, அவ்வளவே. அந்த வாசல் காலத்தில்தான் கல்வி, முதல் ஊதியம், நட்பு, காதல் ஆகிய அனைத்தும் நிகழ்கின்றன. சாதியின் அச்சமும் அங்கேதான் குவிந்திருக்கிறது.

1916இல் அண்ணல் சொன்னது

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில், இருபத்தைந்து வயது மாணவரான அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் சாரம் அகமணமுறை என்பது அதன் மையக் கருத்து. அதை அவர் நிறுவிய விதம் இன்றைய மக்கள்தொகையியல் மாணவருக்கும் வியப்பளிக்கும். ஒரு குழு தனக்குள்ளேயே மணமுடிக்க வேண்டுமென்றால், மணவயதில் ஆண்களும் பெண்களும் அதற்குள் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘உபரிப் பெண்’ ஆகிறாள். மனைவி இறந்தால் கணவன் ‘உபரி ஆண்’ ஆகிறான். இந்த உபரிகள் குழுவுக்கு வெளியே துணை தேடினால் சாதி உடைந்துபோகும். உபரிப் பெண்ணை உடன்கட்டையில் எரித்தோ, கட்டாயக் கைம்மையில் முடக்கியோ அப்புறப்படுத்தினார்கள். உபரி ஆணை எரிக்க மனம் வராததால், இன்னும் மணவயதை எட்டாத சிறுமியரிலிருந்து அவனுக்கு மனைவியைக் கொணர்ந்தார்கள். குழந்தைத் திருமணத்தின் தோற்றத்தை அவர் இவ்வாறு விளக்கினார்.

அக்கட்டுரையில் இன்னொரு கூற்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. இவ்வழக்கங்கள் பார்ப்பனரிடம் முழுமையாக இருந்தன. அவர்களுக்கு அருகிலிருந்த சாதிகள் மூன்றையும் பின்பற்றின. தொலைவு கூடக்கூடப் பின்பற்றுதல் குறைந்தது என்று அவர் வரிசைப்படுத்தினார். சுருங்கச் சொன்னால், கீழே போகப்போகத் திருமண விதிகள் தளர்ந்தன.

தமிழ் நிலத்திலும் இதைக் காணலாம். சென்னை மாகாணத்தில் பூப்பெய்துமுன் பெண்ணை மணமுடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பார்ப்பனக் குடும்பங்களுக்கு இருந்தது. உழைக்கும் சாதியினரிடம் பூப்புக்குப் பிந்தைய திருமணமே பொது வழக்கு. வயலுக்குப் போகும் பெண்ணின் கைகள் வீட்டுக்குத் தேவைப்பட்டன என்பதும் ஒரு காரணம். கணவனை இழந்தவரும் பிரிந்தவரும் மறுமணம் செய்துகொள்ளும் ‘அறுத்துக்கட்டும்’ வழக்கமும் அவர்களிடையே இருந்தது. அதை இழிவென்று ஏளனம் செய்தவர்களின் வீடுகளில்தான் பத்து வயதுக் கைம்பெண்கள் மொட்டையடிக்கப்பட்டுப் பின்கட்டில் இருந்தார்கள்.

இந்தப் பின்னணியுடன் தொடக்கத்தில் கண்ட நான்கு எண்களுக்குத் திரும்புவோம். 19.5, 18.5, 18.4, 18.1. நூறாண்டுக்கு முன் அம்பேத்கர் வகுத்த வரிசை தலைகீழாகிவிட்டது. அன்று மேலே இறுகி, கீழே தளர்ந்திருந்தது. இன்று மேலே இருப்பவர் தாமதிக்கிறார். கீழே இருப்பவர் விரைகிறார்.

புரட்டிப்போட்டது எது

சட்டம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். 1891இல் உடலுறவுக்கு இசையும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்துக்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1929இல் சாரதா சட்டம் என்றறியப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வரையறுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்கு 16 வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. சாரதா சட்டம் நிறைவேறியது 1929 இலையுதிர்காலத்தில். நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1இல். இடைப்பட்ட ஆறு மாதங்களில் நாடெங்கும் திருமணங்கள் முண்டியடித்துக்கொண்டு நடந்தன. 1921இல் ஏறத்தாழ 85 லட்சமாக இருந்த பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியர், 1931 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.2 கோடி ஆயினர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சட்டத்தின் உடனடி விளைவு குழந்தைத் திருமணப் பெருக்கம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற இன்றைய வரம்பு 1978இல் வந்தது. அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்தும் இளம் மனைவியரில் பாதிப்பேர் அவ்வரம்புக்குக் கீழேதான் மணமுடிக்கப்பட்டிருந்தனர் என்பதை 2005-06 ஆய்வு காட்டியது.

வயதைத் தள்ளியது பள்ளிக்கூடம். அதே நான்காவது ஆய்வில், பள்ளிக்கே போகாத பெண்களின் இடைநிலைத் திருமண வயது 17.2, பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 22.7. ஐந்தரை ஆண்டு வேறுபாடு. சமூகப் பிரிவுகளிடையே காணும் பதினேழு மாதத்தைவிட இது பன்மடங்கு பெரியது. பள்ளியிலும் கல்லூரியிலும் முதலில் இடம்பிடித்தவர்கள் யார் என்பதை இவ்வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைத் திருமணத்தைச் சாத்திரமாக்கியவர்களின் பேத்திகள் முதலில் பட்டம் பெற்றார்கள். எனவே முதலில் தாமதித்தார்கள். அதனால் அவர்களிடம் அகமணம் தளர்ந்துவிடவில்லை. சாதி வாரியான திருமணத் தகவல் நிலையங்களும் இணையதளங்களும் அந்த வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். சிறுமியை மணமுடித்துக் காத்த வேலியை இருபத்தாறு வயதுப் பொறியாளர் பெண்ணைச் சுற்றியும் கட்ட முடியும் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தலித் இயக்கம் இதை மிக முன்னதாகவே உணர்ந்திருந்தது. 1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர், திருமணத்துக்கு அவசரப்படாதீர்கள், அது ஒரு சுமை, பொருளாதார வலு வருமுன் பிள்ளைகள்மேல் அதை ஏற்றாதீர்கள் என்ற பொருளில் பேசினார். பல்லாயிரம் பெண்கள் கூடியிருந்த கூட்டத்தில், திருமணமே பெண்ணின் முடிவிடம் என்று நம்பிய காலத்தில் பேசப்பட்ட பேச்சு அது.

அவசரத்தின் பொருளாதாரம்

தலித் குடும்பங்கள் ஏன் விரைகின்றன? அறியாமை என்ற விடை அரசு விளம்பரங்களுக்கு வசதியானது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தாய் சொல்லும்போது, அந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். சேரியிலிருந்து பள்ளிக்குப் போகும் வழி ஊர்த்தெரு வழியாகச் செல்கிறது. வயலும் கிணறும் ஆதிக்கச் சாதியாருடையவை. வல்லுறவு நிகழ்ந்தால் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவதற்கே போராட்டம் தேவைப்படுகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆறு மாதம் புலம்பெயரும் பெற்றோர், பதினாறு வயதுப் பெண்ணைப் பூட்டாத குடிசையில் விட்டுச்செல்வதா, சூளைக்கு அழைத்துச்செல்வதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூன்றாவது வழியாகத் திருமணம் வந்து நிற்கிறது. வயது கூடினால் வரதட்சணை கூடும் என்ற கணக்கும் உடன் சேர்கிறது. கையிலிருக்கும் பணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஏற்ப எடுக்கப்படும் கணக்கு அது. இதை நியாயப்படுத்தவில்லை, ஆனால் பாதுகாப்பைத் தராத அரசு, அவசரத்தைக் குற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது.

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகள் இந்த அவசரத்தை மூலதனமாக்கின. 1990களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளில் அடைத்தது. மாதக் கூலி சொற்பம். மூன்றாண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கென முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாக வாக்குறுதி. ‘மாங்கல்யத் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. சென்றவர்களில் பெரும்பான்மையினர் தலித் பெண்கள் என்பதைத் தொழிலாளர் உரிமை அமைப்புகளின் ஆய்வுகள் தொடர்ந்து பதிவு செய்தன. இத்திட்டம் திருமணத்தைத் தள்ளிப்போட்டது என்பது உண்மை. பதினாறில் மணமாகியிருக்கக்கூடிய பெண்ணுக்குப் பத்தொன்பதில் மணமாகியிருக்கும். கணக்கெடுப்பில் அது முன்னேற்றமாகவே பதிவாகும். அந்த மூன்றாண்டுகள் கழிந்தது நூற்புப் பொறியின் பஞ்சுத் தூசியில், வெளியே போக அனுமதி இல்லாத விடுதியில். மணமாகாத ஆண்டுகள் கூடுவதை விடுதலையோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

அரசின் கொள்கை நகர்ந்த விதத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1989இல் கலைஞர் அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவரின் பெயரில் தாலிக்கு உதவி வழங்குவதிலுள்ள முரண் ஒருபுறம் இருக்கட்டும். குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும், 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் உண்மையில் பயன்பட்டன. ஆயினும் பணம் மணமேடையில்தான் கைக்கு வந்தது. பின்னாளில் பட்டதாரிக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என வளர்ந்தபோதும் அப்படியே. 2022 செப்டம்பரில் அத்திட்டம் ‘புதுமைப்பெண்’ திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வி பயிலும் காலம் முழுவதும் மாதம் ஆயிரம் ரூபாய் அவரது வங்கிக் கணக்குக்கு வருகிறது. மணத்துக்குக் கொடுத்த பணத்தை மணமாகாத ஆண்டுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது இந்த மாற்றம். அரசுப் பள்ளிகளை நம்பியிருக்கும் தலித் மாணவியருக்கு இதன் எடை அதிகம். நாடு முழுவதும் பட்டியல் சாதிப் பெண்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2014-15இல் 18.1ஆக இருந்து 2021-22இல் 26ஆக உயர்ந்திருக்கிறது. விடுதிகளின் நிலையும், காலம் தவறி வரும் உதவித்தொகையும் தனிக் கட்டுரைக்குரியவை.

உபரி ஆண் திரும்பி வருகிறான்

இதுவரை பெண்களைப் பற்றியே பேசினோம். அரசியல் ஆபத்து ஆண்களின் பக்கத்தில் கருக்கொண்டிருக்கிறது.

நம் சமூகத்தில் கணவன் மனைவியைவிட நான்கைந்து ஆண்டு மூத்தவன். எனவே 1995இல் பிறந்த ஆண்களுக்குப் பெண் தேடுவது 1999, 2000இல் பிறந்தவர்களிடையே. பிறப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்தால் பின்னால் பிறந்த பெண்கள் அதிகம், மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதுவே நிலை; வரதட்சணை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மக்கள்தொகையியலாளர் சிலர் வாதிட்டனர். பிறப்பு குறையத் தொடங்கினால் கணக்குத் திரும்பிவிடும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1992-93இல் 2.48, 2005-06இல் 1.8. பின்னால் பிறந்த பெண்கள் குறைவு. இப்போது பெண்ணுக்குத் தட்டுப்பாடு. எவரும் எந்தத் தவறும் செய்யாமலேயே இது நிகழும்.

தவறும் செய்தார்கள். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண்கள். அன்றைய தருமபுரி மாவட்டத்தில் 826. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது. அன்று எண்ணப்பட்ட குழந்தைகள் இன்று இருபதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும் இருக்கிறார்கள். அன்று காணாமற்போன பெண்கள் இன்று மணமேடைகளில் காணாமற்போயிருக்கிறார்கள். மேற்கு மாவட்டங்களில் நிலமும் வாகனமும் உள்ள முப்பத்தைந்து வயது ஆண்கள் பெண் கிடைக்காமல் இருப்பதும், தரகர்கள் எல்லை தாண்டிக் கேரளத்தில் பெண் தேடுவதும் ஊரறிந்தவை. கிடைத்த பெண்களும் படித்தவர்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வரை கல்லூரியிலும் வேலையிலும் இருப்பவர்கள். தமக்கென விருப்பம் உள்ளவர்கள்.

சாதிக்குள் பெண்களை அழித்தும் பிறப்பைக் குறைத்தும் தாமே உருவாக்கிய பற்றாக்குறைக்கு ஆதிக்கச் சாதி அமைப்புகள் கண்டுபிடித்த விளக்கம், தலித் இளைஞர்கள் ‘நம் பெண்களை’ மயக்கிக் கொண்டுபோகிறார்கள் என்பது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதைத் தொடர்ந்த மாதங்களில் ‘நாடகக் காதல்’ என்ற சொல் மேடைதோறும் முழங்கியது. அம்பேத்கர் சொன்ன உபரி ஆணின் சிக்கல்தான் இது. அன்று அதற்குச் சிறுமியரைப் பலியிட்டார்கள். இன்று சட்டமும் பள்ளிக்கூடமும் அந்த வழியை அடைத்துவிட்டன. பலி வேறு திசையில் தேடப்படுகிறது.

கோகுல்ராஜ் (2015), சங்கர் (2016), கவின் (2025) ஆகிய மூவரையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பொறியியல் பட்டதாரி, ஒருவர் பொறியியல் மாணவர், ஒருவர் மென்பொருள் பொறியாளர். மூவரும் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களின் பாட்டன்மார் அந்த வயதில் பண்ணையில் இருந்தார்கள், மணமாகியும் இருந்தது. கல்லூரி வகுப்பறையில் ஆதிக்கச் சாதிப் பெண்ணின் பக்கத்து இருக்கையில் அமரும் தலித் இளைஞன் என்பவன் முன்னெப்போதும் இல்லாத ஒரு மனிதன். இரு பாலருக்கும் நீண்டுவிட்ட மணமாகாத ஆண்டுகளில்தான் அவன் தோன்ற முடிந்தது. வெட்டரிவாளின் இலக்கு அந்த ஆண்டுகளும்தான்.

இருபத்தொன்று என்ற பொறி

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு பெண்ணின் திருமண வயதை 21ஆக உயர்த்தும் மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்தியது. நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, 2024இல் பதினேழாவது மக்களவை கலைந்ததும் அது காலாவதியானது. மீண்டும் வராது என்பதற்கு உறுதியில்லை. முற்போக்காளர் சிலரும் இதை வரவேற்றனர். தாமதம் நல்லதுதானே என்பது அவர்கள் வாதம். தாமதம் நல்லதுதான். ஆனால் வயதை உயர்த்தியது கல்வி என்று மேலே கண்டோம். கல்லூரியைத் திறக்காமல் வரம்பை மட்டும் உயர்த்தினால், பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் மணமுடித்த பெரும் எண்ணிக்கையிலான தலித், பழங்குடிக் குடும்பங்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறியவை ஆகிவிடும்.

இன்னொரு விளைவு அதைவிடக் கூர்மையானது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும் போக்சோவையும், மகள் தன் விருப்பப்படி சென்றதும் காவல் நிலையத்துக்கு ஓடும் பெற்றோரும் பயன்படுத்துகிறார்கள். பையன் தலித்தாக இருந்தால் வழக்கின் வேகம் கூடுகிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு போக்சோ வழக்கை ரத்துசெய்தபோது, பதின்வயதினரின் இணக்கமான உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. பெண்ணின் வயது பதினெட்டைத் தாண்டினால் இன்று அந்தக் கதவு மூடுகிறது. 2006இல் லதா சிங் வழக்கிலும் 2018இல் ஹாதியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை அது: வயதுவந்தவர் விரும்பியவரை மணக்கலாம். வரம்பு இருபத்தொன்றானால், இருபது வயதுப் பெண் வாக்களிக்கலாம். துணையைத் தேர்ந்தெடுக்க இயலாது. இருபத்தொரு வயதுவரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று சாதிக் கட்சிகள் சில முன்பே கேட்டுவந்ததை நினைவில் வைத்தால், இம்மசோதா யாருடைய கைக்கு ஆயுதமாகும் என்பது விளங்கும்.

ஐம்பதுக்குப் பிறகு

தள்ளிப்போகும் திருமணங்களின் பேச்சில் மணமே ஆகாத அந்த நூற்றில் ஒருவர் காணாமற்போய்விடுகிறார். தம்பி, தங்கைகளைக் கரையேற்றியவர், வரதட்சணைக்கு வழியில்லாதவர், மாற்றுத்திறனாளி, வேண்டாம் என்று முடிவெடுத்தவர் என அவர்கள் பல வகையினர். ‘முதிர்கன்னி’ என்ற சொல் இவர்கள் அனைவரையும் ஒரு பரிதாபத்துக்குள் தள்ளுகிறது. அச்சொல்லுக்கு ஆண்பாலும் கிடையாது.

தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்த, மணமாகாத ஏழைப் பெண்களுக்கென ஓர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. இந்தியாவின் பல மாநிலங்களில் அதுகூட இல்லை. மாதம் ஆயிரமாக இருந்த தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு வந்த மகளிர் உரிமைத் தொகை, மணமாகாத தனித்த பெண்ணையும் அவர் குடும்பத்தை நடத்தினால் குடும்பத் தலைவியாக ஏற்கிறது; இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் தலைவி என்பதைக் காட்டுவது குடும்ப அட்டை. அப்பா, அண்ணன் பெயரிலுள்ள அட்டையில் ஒரு வரியாக இருக்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குத் தனி அட்டை வேண்டுமானால் தனி முகவரி வேண்டும். தனி முகவரிக்கு வாடகை வீடு வேண்டும். நகரத்தில் வீட்டுக்காரர் முதலில் கேட்பது ‘குடும்பமா?’ என்று, அடுத்துக் கேட்பது, நேராகவோ சுற்றிவளைத்தோ, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று. இரண்டுக்கும் தவறான விடை வைத்திருப்பவர் தனித்து வாழும் தலித் பெண்.

கிராமத்தில் இருப்பவர் ஐம்பது நிறையும்வரை காத்திருந்து ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால், தாம் மணமாகாதவர் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை நடக்கும். முப்பதாண்டு நாற்று நட்ட கைகளுக்கோ, வளர்த்துவிட்ட தம்பி பிள்ளைகளுக்கோ அந்த விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. கணவன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே அவர் கைரேகை வைக்கிறார்.